சம்பந்தியைவிட முந்நூறு அடி குறைவாக

உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. முதலில் டெலிபோன் எண்கள் விழுகிற டொக் டொக், அப்புறம் யாரோ தகரப்பெட்டியைச் சிமெண்டுத் தரையில் இழுப்பது போல ஒரு கிறீச்சல், கடைசியில் குழாயில் காற்று சீறுகிற மாதிரி ஓர் இரைச்சல். இன்டர்நெட் கிடைத்துவிட்டது.

அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த ஜோதிலட்சுமி கரண்டியைக் கல்லின் ஓரத்தில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. இனி அந்தக் கேள்வி வரும்.

வந்தது.

"ஜோதி! புதுப்பட்டினத்துக்கு போன் போட்டுக் கேட்டுட்டேன். சம்மந்தி நாலாயிரத்து எண்ணூறாம். உனக்கு நாலாயிரத்து ஐந்நூறு போட்றேன். முந்நூறு கொறைச்சல் போதுமில்ல?"

"போதுங்க."

"இன்னா, மூஞ்ச தூக்கிவெச்சிகினு சொல்ற மாதிரி கீது?"

"தோச கருகுது. சும்மா இருங்க."

பாவாடை நாடாவில் ஊக்குப் போட்டு மாட்டியிருந்த அந்தச் சின்னஞ்சிறு கருவியை அவள் எடுத்துப் பார்த்தாள். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். சாம்பல் நிறக் கண்ணாடியில் கறுப்பு எழுத்துகள். நேற்று 9,212. அதற்கு முந்தின நாள் 9,480. பெடோமீட்டர் என்று பெயராம். ராஜாராம் வாயில் அது வெறும் மீட்டராகிவிட்டது. காலடி வைக்க வைக்க அது எண்ணும், அலுக்காது, பொய் சொல்லாது. பொய் சொல்வதெல்லாம் பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அவள் புருஷன்தான். அவளும்தான். 'போதுங்க' என்று சொன்னது யார் வாய்?

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் சித்திரை மாதத்து ஞாயிறு அது. மதுராந்தகத்தில் அவர்கள் வீட்டிலிருந்து ஏரிக்கரை நாலு தெரு தள்ளி. ராஜாராம் தாலுகா அலுவலகத்தில் தட்டச்சர். ஜோதிலட்சுமி ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் இருபத்தோரு வருஷமாக அங்கன்வாடி டீச்சர்.

அந்த இருபத்தோரு வருஷத்தில் அவளுக்கென்று ஒரு பேர் உண்டு. மாதா மாதம் பிள்ளைகளை எடை போட்டு, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகள் மேலே ஏறினால் மேலதிகாரிக்குச் சந்தோஷம். இறங்கினால் ஆயிரம் கேள்வி. அரைக் கிலோ கூட்டிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் உண்டு. ஜோதிலட்சுமி அப்படிப் போட்டதில்லை. தொண்ணூற்று மூன்றில், நாற்று நடப் போகிற ஒருத்தியின் இரண்டாவது குழந்தை மாதத்துக்கு மாதம் இளைத்துக்கொண்டே போனது. "நாளைக்கு ஆய்வுக்கு வர்றாங்க, கொஞ்சம் பாத்துப் போடும்மா" என்று சொன்னவர்களிடம், "முள்ளு எங்க நிக்குதோ அங்கதான் என் பென்சில் நிக்கும்" என்றாள். ஆய்வுக்கு வந்த அம்மாள் அந்த அட்டையைப் பார்த்துவிட்டுத் தன் ஜீப்பிலேயே குழந்தையைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அந்தக் குழந்தை இன்றைக்குப் பதினாலு வயசுப் பெண், ஜோதிலட்சுமியைக் கண்டால் சைக்கிளை நிறுத்தி இறங்கும்.

ஊர்ப் பிள்ளைகள் கணக்கில் ஒரு பொட்டுப் பொய் சேர்க்காதவள், தன் காலடிக் கணக்கில் பாதியை விழுங்கினாள். ஏன்?

மகள் கண்ணகியைக் கட்டிய மருமகன் மணி, சிகாகோவில் கம்ப்யூட்டர் வேலை. மாசி மாதம் லீவுக்கு வந்தபோது இரண்டு பெடோமீட்டர் கொண்டுவந்தான். ஒன்று தன் அம்மா சம்பூர்ணத்துக்கு, ஒன்று மாமியாருக்கு. ஒரே கடை, ஒரே விலை, ஒரே நிறம். சம்பந்திகளுக்குள் பேச்சு வரக்கூடாதென்று அவ்வளவு ஜாக்கிரதை. இரண்டு பேருக்கும் சர்க்கரை. "வாரா வாரம் சராசரி எவ்வளவுன்னு மெயில் அனுப்புங்க. நான் படம் போட்டு ரெண்டு வீட்டுக்கும் அனுப்பறேன். ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் நடப்பீங்க" என்றான்.

முதல் வாரம் படம் வந்தது. நீலக் கோடு சம்பூர்ணம், 2,310. சிவப்புக் கோடு ஜோதிலட்சுமி, 9,140. நீலம் தரையில் கிடக்க, சிவப்பு வானத்தில் பறந்தது.

மறுநாளே புதுப்பட்டினத்திலிருந்து போன். சம்பூர்ணத்துக்குக் குரல் எப்போதும் கடைத்தெருக் குரல். அவள் புருஷன் செல்வராஜுக்கு அங்கே பெரிய ஹார்டுவேர் கடை.

"இன்னா சம்மந்தி, ராவும் பகலும் நடந்துகினே கீறீங்களா? எங்க வூட்டுக்காரரு அந்தப் படத்த கல்லாவுல ஒட்டிவெச்சிட்டாரு. ஆணி வாங்க வர்றவன்லாம் பாத்து சிரிக்கிறான். நானு மீட்டர கயட்டி பீரோவுல வெச்சிடப் போறேன். எனக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு முள் இருந்தது.

ராஜாராமுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "பொண்ணு குடுத்தவங்க நாம. பந்தியில அவங்க எழுந்த பொறவுதான் நாம எழுந்திருக்கோம். போட்டோவுல கூட ஓரமா நின்னோம். இதுல மட்டும் அவங்கள தூக்கி சாப்புட்ற மாதிரி நம்பர் போட்டா நல்லாவா இருக்கும்? நாளைக்கு நம்ம பொண்ணதான் குத்திக் காட்டுவாங்க."

"அதுக்கு நான் நடக்காம வூட்ல குந்திகினு இருக்கவா?"

"நட. ஒம்பதாயிரம் நட, பத்தாயிரம் நட. யாரு வேணாம்னா? கணக்குல மட்டும் ஒரு படி கீழ நிப்போம்."

மகள் பேச்சை எடுத்ததும் ஜோதிலட்சுமி ஒப்புக்கொண்டாள். அந்த ஞாயிறு முதல் வழக்கம் வந்தது. காலையில் ராஜாராம் சுகம் விசாரிக்கிற மாதிரி புதுப்பட்டினத்துக்குப் போன் போடுவார். சம்பூர்ணத்தின் எண்ணைக் கறந்துகொள்வார். முந்நூறு கழித்து மனைவியின் பெயருக்கு நேரே தட்டுவார்.

அடுத்த வாரப் படத்தில் சிவப்புக் கோடு மலையிலிருந்து விழுந்தது போல விழுந்து நீலத்துக்குக் கீழே படுத்தது. "அங்கன்வாடில லீவு, மூட்டு வலி" என்று ராஜாராமே ஒரு காரணமும் எழுதிவிட்டார்.

அப்புறம் நடந்ததை இருவருமே எதிர்பார்க்கவில்லை.

ஜெயித்த ருசி சம்பூர்ணத்தின் கால்களில் ஏறிவிட்டது. பீரோவுக்குப் போகவிருந்த மீட்டர் அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. மூவாயிரம். மூவாயிரத்து ஐந்நூறு. ஒரு ஞாயிறு அவளே போன் செய்தாள். குரலில் கடைத்தெரு இல்லை.

"சம்மந்தி, நேத்து கடலாண்ட போனேன்."

ஜோதிலட்சுமிக்கு அதன் கனம் தெரியும். சுனாமி வந்த காலையில் சம்பூர்ணம் மணலில் மீன் வாங்கிக்கொண்டு நின்றவள். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்தவள் திரும்பி வரவேயில்லை. அன்றிலிருந்து சம்பூர்ணம் கடல் பக்கம் இருந்த ஜன்னலைக் கூடத் திறந்ததில்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்துதான் உடம்பு பெருத்தது, சர்க்கரை ஏறியது.

"தெருவுல நடந்தா மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல தேறல. நீங்க எங்க முந்திடுவீங்களோன்னு கண்ண மூடிகினு மணல்ல எறங்கிட்டேன். கால் நடுங்குச்சி. ஆனா போயிட்டேன் சம்மந்தி."

ரிசீவரை வைத்துவிட்டு ஜோதிலட்சுமி சுவரில் சாய்ந்து நின்றாள். கண்ணில் நீர் முட்டியது. ஒரு பொய் இப்படியும் ஒருத்தியைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகுமா? அன்றைக்கு அவளுக்குத் தன் பொய் மேல் கொஞ்சம் பிரியம்கூட வந்தது.

ஆனி மாதத்தில் அந்தப் பிரியத்துக்கு அடி விழுந்தது.

கண்ணகிக்கு நவம்பரில் பிரசவம். சிகாகோவில் அவர்களுக்குச் சின்ன வீடு, மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, வெளியே பனி. பிரசவ நேரத்துக்கு ஒரு அம்மாதான் வர முடியும், மற்றவர் பனி கரைந்த பிறகு வரலாம். யார் முதலில்? தலைப்பிரசவம் பெற்றவள் உரிமை என்பது ஜோதிலட்சுமியின் நினைப்பு. எனக்கிருப்பது ஒரே பிள்ளை, பெண் வாசனையே அறியாத வீடு என்பது சம்பூர்ணத்தின் நினைப்பு. இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மணி ஒரு வழி சொன்னான். "இங்க குளிர்ல நடந்து சமாளிக்கணும். சர்க்கரை கட்டுல இருக்கணும். ஆகஸ்ட் கடைசி வரைக்கும் யார் கோடு மேல இருக்கோ, அவங்க பிரசவத்துக்கு வரட்டும்."

ஜோதிலட்சுமிக்குத் தலை சுற்றியது. ஐயாயிரத்தில் படுத்திருக்கிற சிவப்புக் கோட்டை அடுத்த ஞாயிறே ஒன்பதாயிரத்துக்கு ஏற்றினால் யார் நம்புவார்கள்? அமெரிக்கா என்றதும் கணக்கை மாற்றிவிட்டாள் என்பார்கள். உண்மையைச் சொன்னாலே பொய் மாதிரி இருக்கிற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது இந்த முந்நூறு.

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் கண்ணகி போன் செய்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா, உனக்கு உடம்புக்கு இன்னாமா? மறைக்காத சொல்லு."

"எனக்கு ஒண்ணுமில்லடி."

"அப்ப ஏன்மா நடக்க மாட்ற? கோடு வெச்சி முடிவு பண்ணலாம்னு அவருகிட்ட சொன்னதே நான்தாம்மா. அத்த மனசு நோவாம நீ வரணும்னு. எங்கம்மா கண்ணு முழிச்ச நேரத்துலேர்ந்து நடக்கறவ, அந்த மெஷினே சொல்லிடும்னு நம்பினேன். எனக்கு பயமா இருக்கும்மா. வலி எடுக்கும்போது உன் கைய புடிச்சிக்கணும் எனக்கு."

கடல்களுக்கு அப்பாலிருந்து வந்த அந்த விம்மலைக் கேட்டுக்கொண்டு, ஒன்பதாயிரம் அடி நடந்த கால்களோடு, அவள் நின்றாள். அன்றைக்கு இரவு சமையல் இல்லை. ராஜாராம் ஒன்றும் கேட்காமல் கடையில் இட்லி வாங்கி வந்தார்.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல், இரண்டு சீப்பு வாழைப்பழத்தோடும் ஒரு டப்பா அல்வாவோடும் சம்பூர்ணம் வந்து இறங்கினாள். ஆளே மாறியிருந்தாள். ரவிக்கை தோளில் தொளதொளத்தது.

"டிக்கெட் போடப் போறான் சம்மந்தி, மணி. ஏழாயிரத்து நூறு தொட்டுட்டேன். சக்கர நூத்தி முப்பதுக்கு வந்துடுச்சி, டாக்டரே அசந்துட்டாரு. ஆனா ஒரு சங்கதி. எனக்குப் பொண்ணு இல்ல, பிள்ளத்தாச்சிக்கு இன்னா செய்றது ஏது செய்றதுன்னு தெரியாது. பிரசவ மருந்து எப்படி கிண்டறதுன்னு நீங்கதான் சொல்லித் தரணும்."

ஜோதிலட்சுமி சொல்லித் தந்தாள். சுக்கு இவ்வளவு, மிளகு இவ்வளவு, பனைவெல்லம் பாகு இந்தப் பதம். தன் மகளுக்குத் தன் கையால் ஊட்ட வேண்டியதை, இன்னொருத்தி கைக்கு அளந்து கொடுத்தாள்.  

வெயில் தாழ்ந்ததும் சம்பூர்ணம்தான் எழுந்தாள். "வாங்க, ஏரிக்கர வரிக்கும் போயிட்டு வரலாம். உங்களுக்கும் நாலு அடி சேரும். பாவம், ரொம்ப பின்தங்கிட்டீங்க."

கரையில் ஜோதிலட்சுமி எவ்வளவோ மெதுவாகத்தான் நடந்தாள். ஆனால் இருபத்தோரு வருஷம் ஒரே கரையில் போய் வந்த கால்கள் யார் பேச்சைக் கேட்கும்? பேச்சு சுவாரசியத்தில் இரண்டு முறை பத்தடி முன்னால் போய்விட்டு நின்றாள். மதகுக்கு அருகே காவல்காரர் செங்கல்வராயன் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"இன்னா டீச்சர், இன்னிக்கு இவ்ளோ நிதானமா போறீங்க? காலைல வேலைக்குப் போம்போது ஒருக்கா, சாயங்காலம் தண்ணி வழியுற கலங்கல் வரிக்கும் ரெண்டு தபா, மய வந்தாலும் வுட மாட்டீங்களே! உங்கள பாத்துதான் நான் மணி சொல்றது."

ஜோதிலட்சுமி தரையைப் பார்த்தாள். சம்பூர்ணம் மூச்சு வாங்க நின்றாள். வியர்வையைத் துடைத்தாள். சம்பந்தியின் நெற்றியில் ஒரு துளி இல்லை என்பதைப் பார்த்தாள். உடனே வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் கை நீட்டினாள். "மீட்டர குடுங்க."

"எதுக்கு சம்மந்தி..."

"குடுங்கன்றேன்."

ஏழு நாள் கணக்கு அந்தக் கருவிக்குள் தங்கும். தன்னிடமும் ஒன்று இருப்பதால் எந்தப் பொத்தான் என்று சம்பூர்ணத்துக்குத் தெரியும். ஒரு அழுத்து, 9,340. இன்னொரு அழுத்து, 8,975. 9,610. ராஜாராம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றார். ஏழாவது எண்ணையும் பார்த்துவிட்டு அவள் மேஜைமேல் அதை வைத்தாள்.

"எத்தினி நாளா?"

"மாசி மாசத்துலேர்ந்து" என்றாள் ஜோதிலட்சுமி.

"எனக்கு வுட்டுக் குடுத்தீங்களா? கொழந்தைங்க கூட ஓடும்போது தோக்கற மாதிரி நடிப்பாங்களே, அப்படியா? புருஷனும் பொண்டாட்டியும் குந்திகினு சிரிச்சீங்களா?"

ராஜாராம் கையைப் பிசைந்தார். "ஐயோ சம்மந்தி, மரியாதைக்கு..."

"இன்னா மரியாதை? வாரா வாரம் நான் எம்மாம் நடந்தேன்னு சுகம் விசாரிச்சது இதுக்குத்தானா? என்ன முட்டாளாக்கறதுக்குப் பேரு மரியாதையா?" அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அந்த மணல்ல கால் வெக்கும்போது நெஞ்சு வெடிச்சிடும் போல இருந்துச்சி. கூட கூடையோட குந்தியிருந்தவ மூஞ்சி கண்ணு முன்னாடி வந்துச்சி. இவங்கள ஜெயிக்கணும், இவங்கள ஜெயிக்கணும்னு சொல்லிகினேதான் போனேன். அதுவும் பொய்யா?"

"நடந்தது உங்க காலு சம்மந்தி" என்றாள் ஜோதிலட்சுமி. "உங்க ஏழாயிரத்துல ஒரு அடி கூட பொய் இல்ல. பொய் என்னுது. கொழந்தைங்க எடைய கொறைச்சலா இருந்தா கொறைச்சலாதான் போடுவேன். என்னுது மட்டும்..."  இத்தனை மாதம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "எனக்குப் போணும். என் பொண்ணு பிரசவத்துக்கு நான் போணும். இத மொதல்லயே உங்ககிட்ட நேரா கேட்டிருக்கணும்."

சம்பூர்ணம் அவளையே பார்த்தாள்.  ராஜாராம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க சும்மா இருங்க அண்ணே" என்றாள் அவள், ஜோதிலட்சுமி மேலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மணிக்கு எழுதுங்க. நான் சொல்ல மாட்டேன். எங்கம்மா தோத்துட்டான்னு அவன் என் வாயால கேக்க வேணாம். பொய் சொன்னவங்கதான் எழுதணும். இப்பவே, என் எதிர."

ஜோதிலட்சுமி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ராஜாராம் தட்டுகிறேன் என்று வந்தார். வேண்டாமென்றுவிட்டாள். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினாள். மாசி மாதத்திலிருந்து, முதல் வாரம் தவிர, அனுப்பிய எண்கள் தன்னுடையவை அல்ல. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சம்பந்தி நடந்ததெல்லாம் நிஜம். இந்த வாரம் தன் சராசரி 9,290. அதோடு நிறுத்தினாள்.

பின்னால் நின்ற சம்பூர்ணம் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சொன்னாள். "அத போடல?"

"எத?"

"போணும்னு சொன்னீங்களே. அத."

 ஜோதிலட்சுமி அதையும் தட்டினாள். கடிதம் போய்விட்டது.

காப்பி கொடுத்தாள். சம்பூர்ணம் பாதி குடித்துவிட்டு வைத்தாள். அல்வா டப்பாவை யாரும் திறக்கவில்லை. குங்குமச் சிமிழை நீட்டியபோது எடுத்து வைத்துக்கொண்டாள். ஆனால் வழக்கம்போல 'வரேன் சம்மந்தி' என்று கையைப் பிடிக்கவில்லை. அந்தக் காயம் ஆற நாளாகும் என்று ஜோதிலட்சுமிக்குப் புரிந்தது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சம்பூர்ணம் பேசினாள். "கார்த்திகைக்கு நீங்க போங்க. அவன் இன்னா சொன்னாலும் நான் இததான் சொல்லுவேன். வலிக்கும்போது அது அம்மான்னுதான் கத்தும், அத்தைன்னு கத்தாது. பங்குனில நான் போறேன்."

"சம்மந்தி..."

"அழாதீங்க. எனக்கு இன்னும் கோவம் தீரல. ஞாயித்துக்கிழம நீங்களே போன் போடுங்க. அண்ணன் போட்டா எடுக்க மாட்டேன். உங்க நம்பர மொதல்ல சொல்லுங்க, அப்பறம் நான் சொல்றேன்."

ராஜாராம் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். "ஆட்டோ கூட்டியாறேன், இருங்க. உங்க ஊர் வழியா போற கல்பாக்கம் பஸ்ஸுக்கு இன்னும் அர மணி கீது."

"வேணாம். நடந்தே போறேன்."

தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. சம்பூர்ணம் முழங்காலைக் கொஞ்சம் சாய்த்துச் சாய்த்து, ஆனால் நிற்காமல் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முனை திரும்புகிற வரை ஜோதிலட்சுமி படியில் நின்றிருந்தாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.